உரிந்த சுவரும் ஓட்டை போடும் நஞ்சும்: கன்று ஈன்ற பசுவின் கருப்பை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கன்று போட்டு மூன்று வாரம் தாண்டியிருக்கும். மாடு நன்றாகத்தான் தீனி எடுக்கிறது, காய்ச்சல் இல்லை, பாலும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் விடிகாலையில் எழுப்பிவிட்டால், அது படுத்திருந்த இடத்தில் தயிர் கொட்டினாற்போல வெள்ளையாகக் கிடக்கும். வால் அடியிலும் தொடையிலும் காய்ந்த சீழ்க் கறை. “அழுக்கு தள்ளுது, தானா நின்னுடும்” என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். பல மாடுகளில் அது நின்றும் விடுகிறது. நிற்காத மாடுதான் அப்புறம் ஊசி மேல் ஊசி போட்டும் சினை பிடிக்காமல், ஒரு நாள் சந்தைக்குப் போகும் வண்டியில் ஏறுகிறது.

இந்தச் சீழ் எதனால் வருகிறது என்பது பழைய கேள்வி. பாக்டீரியாவால் என்பது பழைய பதில். அந்தப் பதில் முழுசாக இல்லை. கன்று ஈனும்போது கருப்பை வாய் விரிந்து கிடக்கும். சாணம், தரை, உள்ளே விடும் கை என்று எல்லாவற்றிலிருந்தும் கிருமி உள்ளே போகும். முதல் இரண்டு வாரத்தில் எந்தப் பசுவின் கருப்பையைச் சோதித்தாலும் அநேகமாக பாக்டீரியா இருக்கும். ஆனால் கறவைப் பசுக்களில் சுமார் 40 சதவீதத்துக்குத்தான் சீழ் பிடிக்கும் நோய் வருகிறது. மற்றவை அதே கிருமியை உள்ளே வைத்துக்கொண்டே தேறிவிடுகின்றன. அது எப்படி?

இந்தக் கேள்வியைக் கருப்பைச் சுவரின் செல்கள் வரை இறங்கிப் பார்த்த ஒரு ஆய்வை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வேல்ஸ் நாட்டின் சுவான்சீ பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஷெல்டனின் குழு நடத்தியது, 2014இல் வெளியானது. அதைத் தொடர்ந்து அதே குழு செய்த இரண்டு வேலைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் ஆய்வு எழுப்பிய கேள்விக்குப் பாதி பதில் அவற்றில்தான் இருக்கிறது.

கிருமி

கருப்பையில் சீழ் எவ்வளவு மோசமாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அதில் ட்ரூபெரெல்லா பயோஜீனஸ் என்ற பாக்டீரியா கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இது வெளியூரிலிருந்து வந்த கிருமி அல்ல. மாட்டின் தோலிலும், சளிச்சவ்வுகளிலும் சாதாரணமாகவே குடியிருப்பது. இடம் கிடைத்தால் மடியில் சீழ், குளம்பில் சீழ், ஈரலில் சீழ்க்கட்டி. ஒரு காலத்தில் கொரினிபாக்டீரியம், அப்புறம் ஆக்டினோமைசிஸ், அப்புறம் ஆர்கனோபாக்டீரியம் என்று அழைக்கப்பட்டு, 2011இல் ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ஹான்ஸ் கியார்க் ட்ரூப்பரைக் கௌரவிக்கும் விதமாக இப்போதைய பெயரைப் பெற்றது. நான்கு பெயர் மாறியும் தொழில் மாறவில்லை.

பொதுவாக இது முதலில் வருவதில்லை. கன்று ஈன்ற முதல் வாரத்தில் சாணத்தில் வரும் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஆதிக்கம் செலுத்தும். அதன் பிறகே ட்ரூபெரெல்லாவும், ஃப்யூசோபாக்டீரியம் போன்ற காற்றில்லாமல் வாழும் கூட்டாளிகளும் தலையெடுக்கும். ஆகவே ‘சீழில் இது கிடைக்கிறது’ என்பதை மட்டும் வைத்து ‘சீழுக்கு இதுதான் காரணம்’ என்று சொல்லிவிட முடியாது. நெருப்பு பிடித்த இடத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவனாகவும் இருக்கலாம்.

சுவர்

இந்த ஆய்வு புரிய வேண்டுமானால் பசுவின் கருப்பை உட்சுவரைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். மேலே ஒரே அடுக்காக நெருக்கி நிற்கும் செல்கள்: எபிதீலியம், நம் வசதிக்கு மேல்படலம் என்போம். அதற்குக் கீழே நாரும் இரத்தக் குழாயும் கலந்த தளர்வான திசு. அதற்கு ஸ்ட்ரோமா என்று பெயர். அதில் இருப்பவை ஸ்ட்ரோமா செல்கள். மேல்படலத்தை வீட்டுச் சுவரின் பூச்சு என்றும், ஸ்ட்ரோமாவை உள்ளே இருக்கும் மண் சுவர் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மனிதர்களுக்கு நஞ்சுக்கொடி ஒரே வட்டாக ஒட்டியிருக்கும். பசுவுக்கு அப்படியில்லை. கருப்பைச் சுவரில் எழுபதிலிருந்து நூற்றிருபது வரை பொத்தான் போன்ற மேடுகள் உண்டு. நஞ்சுக்கொடி அந்தப் பொத்தான்களில்தான் மாட்டிக்கொண்டிருக்கும். கன்று வெளியே வந்து கொடியும் விழுந்த பிறகு, அந்த மேடுகளின் திசு செத்து உதிர்கிறது. ஈன்ற அன்று பத்து கிலோ அளவுக்கு இருக்கும் கருப்பை ஒரு மாதத்தில் ஒரு கிலோ அளவுக்குச் சுருங்குகிறது. இவ்வளவு பெரிய இடிப்பு வேலை நடக்கும்போது பூச்சு எங்கே நிற்கும்? மேல்படலம் பல இடங்களில் உரிந்து, ஸ்ட்ரோமா திறந்து கிடக்கும். அது மறுபடி முழுசாக மூட ஏறக்குறைய 25 நாள் ஆகிறது. அதாவது எந்த நோயும் இல்லாத, நல்ல ஆரோக்கியமான மாட்டுக்கே முதல் மூன்று நான்கு வாரம் உள்ளே ஒரு பெரிய பச்சைப் புண் இருக்கிறது. ஈன்ற முதல் இரண்டு வாரங்களில் நாற்றமில்லாமல் வரும் செம்பழுப்புக் கழிவு இந்த வேலையின் மிச்சம்தான். அதற்கு வைத்தியம் வேண்டாம்.

சுவான்சீ குழு செய்தது

முதலில், இந்தக் கிருமி தனியாகவே நோயை உண்டாக்குமா என்று பார்த்தார்கள். பசுக்களின் கருப்பையில் மேல்படலத்தைச் சிதைத்துவிட்டு, ட்ரூபெரெல்லாவை மட்டும் உள்ளே செலுத்தினார்கள். நோய் வந்தது. கூட்டாளிகள் யாரும் தேவைப்படவில்லை. ஆனால் ‘மேல்படலத்தைச் சிதைத்துவிட்டு’ என்ற அந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை அதைச் சுற்றியே நடக்கிறது.

அடுத்து, கிருமி எதை வைத்து அடிக்கிறது? ட்ரூபெரெல்லா ஒரு புரத நஞ்சைச் சுரக்கிறது. பெயர் பயோலைசின். அதற்கான மரபணுவை நோயுற்ற மாடுகளிலிருந்து எடுத்த 12 கிருமி வகைகளில் படித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டிலும் அச்சடித்தாற்போல ஒரே மரபணு. ‘இந்த மாட்டுக்கு வந்தது வீரியமான ரகம்’ என்று சமாதானம் சொல்வது இதற்குப் பிறகு கொஞ்சம் கஷ்டம்தான்.

குற்றத்தை நிரூபித்த விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை மட்டும் கருப்பைச் செல்கள் மேல் விட்டார்கள். செல்கள் வெடித்துச் செத்தன. இரத்தச் சிவப்பணுக்களும் உடைந்தன. ஆக, கிருமி செல்லைத் தொடவே வேண்டாம். அது துப்பிய ஏதோ ஒன்று போதும். அந்த ஏதோ ஒன்று பயோலைசின்தானா? அதே வடிநீரில் பயோலைசினைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்புரதத்தைக் கலந்தார்கள். சாவு நின்றது. கடைசியாக, பயோலைசின் மரபணுவை வெட்டி எடுத்த கிருமியை வளர்த்தார்கள். அது சிவப்பணுவையும் உடைக்கவில்லை, கருப்பைச் செல்லையும் கொல்லவில்லை. மூன்று பக்கத்திலிருந்தும் கதவைச் சாத்தியாகிவிட்டது.

நஞ்சு எப்படி வேலை செய்கிறது

பயோலைசின் தனி ஆள் இல்லை. நிமோனியாக் கிருமியின் நியூமோலைசின், தொண்டைப்புண் கிருமியின் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, லிஸ்டீரியாவின் லிஸ்டீரியோலைசின் எல்லாம் அதன் பங்காளிகள். இந்தக் குடும்பத்துக்கே ஒரு பொதுக்குணம்: செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருந்தால்தான் இவற்றால் ஓட்டை போட முடியும். பல பங்காளிகள் காற்றுப்பட்டால் செயலிழக்கும். அவற்றின் முக்கியமான ஒரு துண்டில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருப்பது அதற்குக் காரணம். பயோலைசினில் அந்த இடத்தில் சிஸ்டீன் இல்லை. அதனால் அந்தப் பலவீனமும் இல்லை.

நஞ்சு தனித்தனி மூலக்கூறாகச் சுரந்து வருகிறது. கொலஸ்ட்ராலைக் கண்டு சவ்வில் ஒட்டுகிறது. ஒட்டிய மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்து, கிணற்று உறைக்கு வளைவு ஓடுகளை அடுக்கினாற்போல வட்டமாகக் கை கோக்கின்றன. ஒரு வளையத்துக்கு முப்பது முதல் ஐம்பது மூலக்கூறு வரை. வட்டம் கூடியதும் எல்லாம் ஒன்றாக மடங்கி சவ்வைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கும். கிடைப்பது சுமார் 30 நானோமீட்டர் அகல ஓட்டை. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் செல்லின் சவ்வே ஏறக்குறைய 5 நானோமீட்டர்தான் தடிமன். உப்பு அயனிகள் மட்டுமில்லை, முழுப் புரதங்களே இந்த ஓட்டை வழியாக வெளியேறலாம். முதலில் பொட்டாசியம் கசியும், கால்சியம் உள்ளே பாயும், செல்லின் எலும்புக்கூடு போன்ற இழைகள் குலையும், லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி வெளியே வரும். ஆய்வகத்தில் செல்லுக்கு எவ்வளவு சேதம் என்பதை இந்த நொதி எவ்வளவு ஒழுகியது என்பதை அளந்தே கணக்கிடுகிறார்கள். கிருமிக்கு இதில் என்ன லாபம் என்றால், ஒழுகுவது அத்தனையும் அதற்குச் சாப்பாடு.

யாரைக் கொல்கிறது

இப்போது விஷயத்துக்கு வருவோம். மேல்படலச் செல்லும் ஸ்ட்ரோமா செல்லும் ஒரே சுவரில் இருப்பவை. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இறைச்சிக்கூடத்தில் அறுக்கப்பட்ட மாடுகளின் கருப்பையை வாங்கி, உட்சுவரை நொதியால் கரைத்து, செல்களைத் தட்டில் விடுவார்கள். பிரிக்கும் முறை எளிமையானது: ஸ்ட்ரோமா செல்கள் ஒரு நாளுக்குள் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும், மேல்படலச் செல்கள் ஒட்ட இன்னும் நேரம் எடுக்கும், அதுவரை மிதக்கும். மிதப்பவற்றை உறிஞ்சி வேறு தட்டுக்கு மாற்றினால் வேலை முடிந்தது.

இரண்டு தட்டிலும் பயோலைசினை விட்டுப் பார்த்ததில், ஸ்ட்ரோமா செல்கள் மேல்படலச் செல்களைவிட மிக எளிதாகச் செத்தன. நோய் எதிர்ப்புச் செல்களோடு ஒப்பிட்டாலும் ஸ்ட்ரோமாதான் பலவீனம். ஏன் என்று தேடியபோது காரணம் கையருகே இருந்தது: ஸ்ட்ரோமா செல்களில் கொலஸ்ட்ரால் அதிகம். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று உண்டு. மாவுச்சத்திலிருந்து செய்யும் சர்க்கரை வளையம். சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவி எடுக்கும். அதைப் போட்டு ஸ்ட்ரோமா செல்களின் கொலஸ்ட்ராலைக் குறைத்ததும், அதே நஞ்சை அவை தாக்குப்பிடித்தன.

முதலில் நினைவில் வைக்கச் சொன்ன நிபந்தனையை இப்போது எடுத்துப் பாருங்கள். பூச்சு முழுசாக இருக்கும் வரை நஞ்சு சந்திப்பது தாங்கும் சக்தியுள்ள செல்களை. பூச்சு உரிந்தால் அது நேராகப் போய் விழுவது, தனக்கு வேண்டிய பொருளை நிறைய வைத்திருக்கும் செல்கள் மேல். காலம் முழுக்கத் தோலில் சும்மா இருந்த கிருமி, கன்று ஈன்ற சில வாரங்களுக்கு மட்டும் எமனாகிவிடுவது இப்படித்தான். மாறியது கிருமி இல்லை, சுவர்.

இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை, ஆனால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. பயோலைசின் செல்களைக் கொல்கிறதே தவிர, அழற்சியைக் கிளப்பவில்லை. முழுக் கிருமியைக் கொடுத்தால் கருப்பைச் சுவர் இன்டர்லூகின் 1, 6, 8 என்று அபாய அறிவிப்புகளை அனுப்புகிறது. நஞ்சு மரபணு வெட்டப்பட்ட கிருமியைக் கொடுத்தாலும் அனுப்புகிறது. சுத்தமான நஞ்சை மட்டும் கொடுத்தால் அமைதி. வீட்டை இடிப்பவன் ஒருவன், நாயைக் குரைக்க வைப்பவன் வேறொருவன். நாம் வெளியே பார்க்கும் சீழ் என்பது குரைப்புச் சத்தம். உள்ளே எவ்வளவு இடிந்திருக்கிறது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா என்பது சந்தேகம்தான்.

ஈ.கோலை இதற்கு நேர் எதிர். அதன் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடை கருப்பைச் செல்களின் டி.எல்.ஆர்.4 என்ற உணர்வி பிடித்துக்கொள்ளும். உடனே ஊரே கூடும். அதோடு நிற்காது. கருப்பை சுரக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் போன்ற பொருள் எஃப் வகையிலிருந்து ஈ வகைக்கு மாறும். எஃப் வகைதான் சினைப்பையில் உள்ள மஞ்சள் திரளைக் கரைத்து மாட்டை அடுத்த பருவத்துக்குக் கொண்டுவருவது. சீழ் பிடித்த மாடு பருவத்துக்கு வராமல் இழுத்தடிப்பதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் கொலஸ்ட்ராலைக் குறைத்துவிடலாமா?

யாருக்கும் உடனே தோன்றுவதுதான். மனிதர்களுக்குக் கொடுக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரையை மாட்டுக்குக் கொடுத்தால் என்ன? 2017இல் இதே குழு தட்டில் வளர்த்த செல்களை வைத்து அதைத்தான் சோதித்தது. செல் தானாகக் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதையில் மூன்று நொதிகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். தொடக்கத்தில் உள்ளதை அடோர்வாஸ்டாட்டின் என்ற அந்தக் கொலஸ்ட்ரால் மருந்தால், நடுவில் உள்ளதை எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட்டால், கொலஸ்ட்ராலுக்கென்றே பிரிந்து போகும் கிளையில் முதலாக நிற்பதை ஜராகோசிக் அமிலத்தால். மூன்றுமே கொலஸ்ட்ராலைக் குறைத்தன. ஆனால் பாதுகாப்பு மூன்றிலும் ஒரே மாதிரி இல்லை. கிளையில் அடைத்ததுதான் அதிகம் உதவியது.

இதற்கு என் ஊகம் எளியது. அந்தப் பாதையின் தொடக்கத்தை அடைத்தால் கொலஸ்ட்ரால் மட்டுமா நிற்கும்? அதே பாதையிலிருந்து செல்லுக்கு வேண்டிய வேறு பல பொருள்களும் பிரிகின்றன. மதகையே மூடினால் பக்கத்து வயலும் காயும்; அந்த வாய்க்காலை மட்டும் அடைத்தால் காயாது. முழு மாடு என்று வரும்போது சிக்கல் இன்னும் பெரிசு. சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனே கொலஸ்ட்ராலில் இருந்துதான் உருவாகிறது. கன்று ஈனும் சமயத்தில் பசுவின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும். நாம் குடிக்கும் பாலில் அந்த மருந்து வருமே என்ற கேள்வியும் உண்டு. எனவே இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்குப் போக வேண்டாம்.

2021இல் வெளியான அடுத்த வேலை இன்னும் நம்பிக்கை தருவது. கொலஸ்ட்ராலின் ஓரத்தில் ஒரு ஹைட்ராக்சில் ஒட்டினால் ஆக்சிஸ்டெரால் ஆகும். அதில் இரண்டு வகைகளை, 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ராலையும் 27-ஹைட்ராக்சி கொலஸ்ட்ராலையும், கருப்பைச் செல்களுக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். ஸ்ட்ரோமா, மேல்படலம் இரண்டுமே பயோலைசினைத் தாங்கின. பொட்டாசியம் கசிவு குறைந்தது, நொதிக் கசிவும் குறைந்தது. நஞ்சுக்கு எட்டும் இடத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை சவ்விலிருந்து குறைப்பது இதற்கு ஒரு பகுதி காரணம். இதில் 27 வகை, ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியின் ஆல்பா நஞ்சிடமிருந்தும் காத்தது. அந்த நஞ்சோ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. இன்னும் ஒன்று: இந்த இரண்டு பொருள்களும் பசுவின் கருப்பைத் திரவத்திலேயே இயற்கையாக இருப்பதைக் கண்டார்கள். கிருமி ஒன்றாக இருந்தும் ஒரு மாடு தேறுவதற்கும் ஒரு மாடு சாய்வதற்கும் இதில் ஏதாவது பங்கு உண்டா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

நஞ்சையே குறிவைக்கும் வழியும் முயலப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் குழு 2014இல், ஈ.கோலை, ஃப்யூசோபாக்டீரியம், ட்ரூபெரெல்லா மூன்றையும் குறிவைத்த தடுப்பூசிகளைச் சினைக் கிடேரிகளுக்குப் போட்டுப் பார்த்தது. அவற்றில் சிலவற்றில் பயோலைசின் புரதமும் சேர்க்கப்பட்டிருந்தது. தோலுக்கடியில் போட்டவை கருப்பை அழற்சியைக் குறைத்தன. யோனி வழியாகக் கொடுத்தது பலிக்கவில்லை.

தொழுவத்தில்

தட்டில் செல் சாவதையும் கொட்டகையில் மாடு சாய்வதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. உண்மையான கருப்பையில் ட்ரூபெரெல்லா தனியாக இருப்பது அரிது. ஃப்யூசோபாக்டீரியத்தின் நஞ்சு வெள்ளணுக்களைக் கொல்லும். அதனால் காவலும் குறையும். இருந்தாலும் இந்த ஆய்வைப் படித்த பிறகு சில பழக்கங்களைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது.

கொடி விழவில்லை என்றால் கையை விட்டு இழுப்பது அதில் முதலாவது. 12 மணி நேரம் ஆகியும் விழாத கொடியைப் பார்த்தால் பதற்றம் வருவது இயல்பு. பக்கத்து வீட்டு அண்ணன் “நான் எடுத்துத் தரேன்” என்று முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு வருவார். அவர் இழுக்கும் ஒவ்வொரு பொத்தானிலும் உரிவது மேல்படலம். சுவான்சீயில் சோதனைக்காக வேண்டுமென்றே செய்ததை நாம் உதவி என்ற பெயரில் செய்கிறோம். தொங்கும் பகுதியை வெட்டிவிட்டு, காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, மருத்துவரைக் கூப்பிடுவதே மேல். உடல் வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, தண்ணீராக, செம்பழுப்பில், நாற்றத்தோடு ஒழுகினால் அது காத்திருக்கும் விஷயம் இல்லை.

எரிச்சலூட்டும் அயோடின் கரைசலைக் கருப்பைக்குள் விடுவதும் அப்படித்தான். கிருமியைக் கொல்வதில் அதற்கு இருக்கும் பெயர் பெரிது. ஆனால் அது கிருமியை மட்டும் பார்த்துத் தொடுவதில்லை. மூடிக்கொண்டு வரும் படலத்தையும் தொடும். எந்த நாளில், எவ்வளவு செறிவில் விடுகிறோம் என்று யோசிக்காமல் வழக்கத்துக்காக விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு வேண்டும். கருப்பை நோய்களின் வரையறைகளை 2006இல் ஷெல்டனும் வேறு சிலரும் சேர்ந்து வகுத்தபோது கோடு போட்டது 21ஆம் நாளில். அதற்கு முன் ஒழுகுவதற்கு ஒரு அர்த்தம். அதற்குப் பின் வரும் சீழுக்கு வேறு அர்த்தம். மருத்துவர் வந்ததும் முதலில் “ஈன்று எத்தனை நாள் ஆச்சு?” என்று கேட்பது இதனால்தான். “பொங்கலுக்கு முந்தி” என்று பதில் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம். கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் தேதியைக் கிறுக்கி வைத்திருந்தால் போதும்.